நம்பர் பிளேட் இல்லாவிட்டாலும் தார் ரோடு ஒன்றுதான்



சாலைப் பாதுகாப்பு என்று நோட்டீஸ் அடித்தால் கூட்டம் வராது என்று நம் சங்கச் செயலாளர் பயந்தார். மின்சார சைக்கிள் என்று போட்டதும் மண்டபம் நிறைந்துவிட்டது. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் வாங்கிவிட்டீர்கள், மீதிப் பேர் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பெட்ரோல் விலை எனக்கும் தெரியும். தெலங்கானா அரசு 2024 நவம்பரில் மின்சார வண்டிகளுக்குச் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் வேண்டாம் என்று அறிவித்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

நான் பேசப்போவது அந்தப் பெரிய ஸ்கூட்டரைப் பற்றிக்கூட அல்ல. அதற்கு நம்பர் உண்டு, லைசென்ஸ் உண்டு, போலீஸ் நிறுத்தும். அதன் தம்பி ஒருவன் இருக்கிறான். கடை வாசலிலேயே, லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம் என்று பலகை மாட்டி விற்கிறார்களே, அவன்.

அந்தப் பலகை பொய்யல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால், அது மோட்டார் வாகனமே அல்ல. பதிவு கிடையாது, இன்ஷூரன்ஸ் கிடையாது, ஹெல்மெட் எங்கே என்று யாரும் கேட்கப்போவதும் கிடையாது. ஏழை எளியவருக்கு மலிவாக ஒரு வண்டி கிடைக்கட்டும் என்ற நோக்கத்தில் நான் குற்றம் காணவில்லை. ஆனால் நம் வீடுகளில் அந்த விதியை எப்படிப் படித்துவிட்டோம் தெரியுமா? சட்டம் கேட்கவில்லை என்றால் ஆபத்து இல்லை என்று படித்துவிட்டோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கூடத்துப் பௌதிகம்தான். மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். அந்த வேகத்தில் தலை ஒரு சுவரில் மோதினால், எட்டடி உயரத்திலிருந்து தலை கீழாக விழுந்ததற்குச் சமம். எட்டடிப் பரணில் ஏறும்போது, "ஏணியை யாராவது பிடிச்சுக்கோங்க" என்று வீட்டையே கூப்பிடுகிறோம். அதே மனிதர் அதே வேகத்தில் செகந்திராபாத் மோண்டா மார்க்கெட்டுக்கு வெறும் தலையோடு போய்வருகிறார்.

சரி, 25-ல் நிற்கிறதா வண்டி? அங்கேதான் விஷயம். வாங்கின மறுவாரமே பையன் மெக்கானிக்கிடம் போகிறான். "அன்னா, ஸ்பீடு லாக் எடுத்துக் கொடு" என்கிறான். வேலை முடிகிறது, வண்டி 40, 45 என்று பறக்கிறது. வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லையே என்று நினைக்காதீர்கள். மோதலின் சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 25-க்கும் 45-க்கும் நடுவே அது மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது. எட்டடி என்று சொன்னேனே, அது இப்போது 26 அடி, இரண்டாவது மாடி. 25-க்கென்று வைத்த பிரேக்கும் மெல்லிய டயரும் அப்படியே இருக்கின்றன. லாக் எடுத்த அந்த நிமிடமே சட்டத்தின் விலக்கும் போய்விடுகிறது. இனி அது பதிவில்லாத, இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். பள்ளிக்கூடத்துப் பையன் அதை ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு அப்பாவைத் தேடி வரும். 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. டியூஷனுக்குப் போய்வரச் சௌகரியம் என்று வாங்கிக் கொடுத்த அப்பா அதை யோசித்திருக்கமாட்டார்.

லாக் எடுக்காத நல்லவர்களுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் வண்டி ஒரு பாட்டியை இடித்துவிட்டது, இடுப்பெலும்பு முறிந்தது என்று வையுங்கள். கார் இடித்திருந்தால் இழப்பீட்டுக்கு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி பின்னால் நிற்கும். இங்கே நிற்பது நீங்கள் மட்டும்தான். 2025 மே மாதம் மத்திய அரசு ஒரு நல்ல திட்டம் கொண்டுவந்தது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, பணம் கட்டாமல் சிகிச்சை. ஆனால் அது மோட்டார் வாகனத்தால் நேர்ந்த விபத்துக்கான திட்டம். மோட்டார் வாகனமே அல்லாத வண்டியிலிருந்து தானாக வழுக்கி விழுந்தவர் அதன் வாசலில் நின்று வாதாட வேண்டியிருக்கும். விலக்கு என்று சந்தோஷப்பட்டோமே, அந்த விலக்கு இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

மின்சார வண்டி என்றதும் உங்களுக்கு நெருப்புதான் நினைவுக்கு வரும். வராமல் எப்படி? 2022 செப்டம்பர் 12 இரவு, இதே செகந்திராபாத்தில் ரூபி ஹோட்டல். நம் ஊரில் செல்லர் என்று சொல்கிறோமே, கட்டடத்தின் அந்த அடித்தளத்தில் மின்சார ஸ்கூட்டர் ஷோரூம், மேலே தங்கும் விடுதி. கீழே பிடித்த நெருப்பின் புகை மாடிப்படி வழியாக மேலே ஏறியது. எட்டுப் பேர் இறந்தார்கள். வேலையாகச் சென்னையிலிருந்து வந்து தங்கியிருந்தவர்களும் அதில் உண்டு. அதே ஆண்டு மார்ச்சில் வேலூரில், வீட்டில் ஸ்கூட்டரைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கிய தந்தையும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். ஏப்ரலில் நிஜாமாபாதில், கழற்றி எடுத்துவந்து கூடத்தில் சார்ஜ் போட்ட பேட்டரி வெடித்து 80 வயதுப் பெரியவர் ஒருவர் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகுதான் ஏஐஎஸ் 156 என்ற பேட்டரித் தரவிதியை இறுக்கினார்கள். 2022 டிசம்பரில் ஒரு கட்டம், 2023 மார்ச் கடைசியில் இரண்டாம் கட்டம். வண்டி வாங்கும்போது அந்த இரண்டாம் கட்டத்தில் தேறிய பேட்டரியா என்று கேளுங்கள். தேய்ந்த பேட்டரிக்குப் பதிலாக, "சார், பாதி விலைக்கு நானே செல் போட்டுக் கட்டித் தரேன்" என்பவரிடம் போகாதீர்கள். இந்த மூன்று சம்பவங்களையும் சேர்த்துப் பாருங்கள். எல்லாமே கட்டடத்துக்குள்ளே. அதனால் வாசற்கதவு அருகிலும் மாடிப்படிக்குக் கீழும் சார்ஜ் போடவே கூடாது. நாம் தப்பித்து ஓட வேண்டிய வழி அது.

நெருப்பு பத்திரிகையில் முதல் பக்கத்துக்கு வருகிறது, விழுவது வருவதில்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே வெளியிட்ட கணக்கு இது. பெட்ரோல் வண்டியா, பேட்டரி வண்டியா என்று தார் ரோடு பார்ப்பதில்லை.

மின்சார வண்டிக்கென்றே சில விழுதல்கள் இருக்கின்றன. கடை வாசலில் வண்டியை நிறுத்துகிறார் ஒரு அம்மா. சாவியைத் திருப்பவில்லை. சத்தம் இல்லாததால் வண்டி அணைந்துவிட்டது என்று நினைப்பு. ஒரு காலைத் தரையில் ஊன்றி, காய்கறிப் பையை எடுக்கும்போது வலது கை ஆக்ஸிலேட்டரை இறுகப் பிடிக்கிறது. பெட்ரோல் வண்டி உறுமி எச்சரிக்கும். இது உறுமாது, ஒரே பாய்ச்சல். விழும்போது கையை ஊன்றுகிறார், மணிக்கட்டு போகிறது. முன்னால் நிற்கும் குழந்தை ஆசையாகத் திருகினாலும் இதே கதைதான். இறங்குவதற்கு முன்னால் சாவி கையில் இருக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு எந்த விதியும் தேவையில்லை.

பெரிய பணக்காரர்களுக்கும் இதே பாடம்தான். சைமன் கோவெல் என்று ஒருவர், டெலிவிஷன் பாட்டுப் போட்டிகளில் எல்லோரையும் கரித்துக்கொட்டும் நடுவர். 2020 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில், தன் வீட்டு வளாகத்திலேயே, புது மின்சார சைக்கிளிலிருந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டார். குண்டும் குழியும் இல்லை, ஆட்டோ குறுக்கே வரவில்லை, மழைத்தண்ணீர் இல்லை. அவருக்கே அப்படி என்றால், ஜூலை மாதத்து அமீர்பேட் ரோட்டை நினைத்துப் பாருங்கள்.

விழுந்த பிறகு செய்கிற தவறு இன்னும் பெரிது. எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். கூட்டமும் நிம்மதியாகக் கலைகிறது. மண்டையோட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் கசியும்போது, ஆரம்பத்தில் ஆள் தெளிவாகப் பேசுவார். ஒரு மணி, சில மணி கழித்துத் தலைவலி, வாந்தி, தூக்கம். "களைப்பு, தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அந்தத் தூக்கத்திலிருந்து சிலர் எழுந்திருப்பதில்லை. இதய நோய்க்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு இன்னொரு வகை உண்டு. கசிவு மெதுவாக நடந்து, பத்து நாள், மூன்று வாரம் கழித்து நடை தடுமாறும், பேச்சுக் குழறும். அன்றைக்கு விழுந்ததை அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள். ஆகவே தலையில் அடி என்றால், பேசினாலும் சிரித்தாலும் ஆஸ்பத்திரி. காந்தி மருத்துவமனை இங்கிருந்து எட்டும் தூரம். 108 ஆம்புலன்ஸ் நாட்டிலேயே முதலில் ஓடத் தொடங்கிய ஊர் இது, 2005 ஆகஸ்ட் 15-ல். அதைக் கூப்பிட நாம் கூச்சப்படலாமா?

பின்னால் நிற்கும் டெலிவரி தம்பிகளே, உங்களிடம் உபதேசம் செய்ய எனக்குத் தகுதி இல்லை. லைசென்ஸ் எடுக்கவும் வண்டி வாங்கவும் காசில்லாதவர்களுக்கு வாடகைக்குக் கிடைக்கிற இந்தச் சின்ன வண்டிதான் சோறு. 2023 டிசம்பரில் முதலமைச்சர் ரேவந்த் ரெட்டி உங்களைப் போன்றவர்களுக்கு ஐந்து லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு அறிவித்தார். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். வாடகைக்கு வண்டி தருபவர் ஹெல்மெட்டும் தர வேண்டும் என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். தாடைக்குக் கீழே வாரைப் பூட்டாத ஹெல்மெட் முதல் மோதலிலேயே தனியாகப் பறந்துவிடும். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே 2021 ஜூனிலிருந்து குற்றம். பிளாட்பாரத்தில் கிடைக்கிற அந்தத் தொப்பி வெயிலுக்கு மட்டும்தான் ஆகும்.

தம்பிகளை அவசரப்படுத்துகிறவர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். ஆர்டர் போட்டுவிட்டு மேப்பில் அந்தச் சின்ன வண்டி நகர்கிறதா என்று உற்றுப் பார்த்து, இரண்டு நிமிடம் நின்றால் போன் போட்டுக் கத்துகிறோமே, அந்தப் போனை அவன் எதில் எடுக்கிறான்? ஓடுகிற வண்டியில், ஒரு கையால். கொத்தமல்லிக் கட்டு ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் சாம்பார் கெட்டுவிடாது, அம்மா.

இங்கே ஏழெட்டு அடுக்ககச் சங்கங்களின் செயலாளர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். சர்க்கார் விதியை மாற்றும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் கேட்டுக்குள் உங்கள் விதி செல்லும். நம்பர் பிளேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஹெல்மெட் இல்லாமல் எந்த இருசக்கர வண்டியும் கேட்டைத் தாண்டக்கூடாது. சார்ஜ் போடுவதற்கு மாடிப்படியை விட்டு விலகி, காற்றோட்டமான ஒரு தனி இடம், தனி ஒயரிங். லாக் எடுத்த வண்டிக்கு வளாகத்தில் பார்க்கிங் இல்லை. இந்தத் தீர்மானத்தை நான் முன்மொழிகிறேன். தலைவர் அவர்கள் கூட்டம் கலைவதற்கு முன்பே இதை வாக்குக்கு விட வேண்டும். ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்.