வரி தண்டும் கையும் வளம் பெருக்கும் கையும்

  

தன்னாட்சி என்னும் சொல்லை நாம் மேடைதோறும் முழங்குகின்றோம். முழங்கத்தான் வேண்டும். ஆனால், தன்னாட்சி பெற்ற ஓர் அரசுக்குப் பணம் எங்கிருந்து வரும், அது எதனால் பெருகும், எதனால் சுருங்கும் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? கொடியும் நாடாளுமன்றமும் கிடைத்த பின்னரும் ஒரு நாட்டினம் கணக்கேட்டின்முன் கைகட்டி நிற்க நேரும். அதற்கு இசுக்காட்லாந்தே நம் கண்முன் உள்ள சான்று.

1707-இல் இங்கிலாந்தோடு இணைந்து, தன் நாடாளுமன்றத்தை இழந்த நாடு அது. 1997 செப்தம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில், வாக்களித்தோருள் 74 விழுக்காட்டினர் தமக்கென ஒரு நாடாளுமன்றம் வேண்டுமென்றனர். 1999-இல் அது எடின்பரோவில் கூடியது. ஆயினும், செலவிடும் உரிமை வந்த அளவுக்கு ஈட்டும் உரிமை வரவில்லை. இலண்டன் கருவூலம் ஆண்டுதோறும் ஒரு மொத்தத் தொகையை அளந்து கொடுத்தது. அதற்குப் 'பார்னெட்டு வாய்பாடு' என்பது அளவுகோல். இங்கிலாந்தில் கல்விக்கோ மருத்துவத்திற்கோ செலவு கூடினால், மக்கள்தொகைக்கேற்ப இசுக்காட்லாந்துக்கும் கூடும். அங்கே குறைந்தால் இங்கேயும் குறையும். இசுக்காட்லாந்தின் தொழில் தழைத்தாலும் தேய்ந்தாலும் அத்தொகை அதனைப் பொருட்படுத்தாது.

2014-இல் விடுதலைக்கான வாக்கெடுப்பு நடந்தது. 45 விழுக்காட்டினர் விடுதலை வேண்டுமென்றனர். 55 விழுக்காட்டினர் வேண்டாவென்றனர். வெல்லாவிடினும் அவ்வெழுச்சி இலண்டனை அசைத்தது. 2016-இல் புதுச்சட்டம் பிறந்தது. 2017 ஏப்பிரல் முதல், ஊதியம் போன்றவற்றின் மீதான வருமான வரியின் வீதங்களையும் படிகளையும் எடின்பரோவே வகுக்கலாயிற்று.

கேட்பதற்கு இனிதாக இருக்கின்றதன்றோ? இனித்தான் கணக்கைக் கூர்ந்து நோக்க வேண்டும்.

"இவ்வரி இனி உங்களுடையது, அதற்கீடாக நாங்கள் தரும் மொத்தத் தொகையில் கழித்துக்கொள்வோம்" என்றது இலண்டன். அக்கழிவு ஒரே நிலையில் நிற்பதன்று. இங்கிலாந்து முதலான பிற பகுதிகளில் தலைக்கு இவ்வளவென வரும் அதே வகை வரி எவ்வளவு வளர்கின்றதோ, அவ்வளவு கழிவும் வளரும். எளிய எண்ணில் சொல்வேன். தொடக்கத்தில் வரி 100 கோடி, கழிவும் 100 கோடி என்று வையுங்கள். மக்கள்தொகை மாறவில்லை என்றும் கொள்ளுங்கள். பிற பகுதிகளில் வரி 10 விழுக்காடு வளர்ந்தால் கழிவு 110 கோடியாகும். இசுக்காட்லாந்தில் 8 விழுக்காடே வளர்ந்தால் வரவு 108 கோடி. வளர்ந்தும் 2 கோடி இழப்பு! 12 விழுக்காடு வளர்ந்திருப்பின் 2 கோடி மிச்சம். ஆகவே, வளர்ந்தால் மட்டும் போதாது. அண்டை நாட்டினும் விரைந்து வளர வேண்டும்.

வரியை உயர்த்தினால் ஈடாகாதோ எனக் கேட்பீர்கள். உயர்த்தினர். 2024 ஏப்பிரலில் வரிப்படிகள் ஆறாயின. உச்சவீதம் 48 விழுக்காடாயிற்று. பிற பகுதிகளில் அது 45. ஆயினும், கூடுதலாகத் திரண்டது முழுவதும் கருவூலத்தில் தங்கவில்லை. ஊதிய வளர்ச்சி பின்தங்கிய ஆண்டுகளின் விளைவாக, அதில் ஒரு பகுதி கழிவிலேயே கரைந்தது. 2014-இன் பிற்பகுதியில் எண்ணெய் விலை சரிந்து, அபர்தீன் வட்டாரத்தில் உயர்ந்த ஊதியப் பணிகள் குறைந்தமை அதற்கொரு கரணியம். இதிலுள்ள முரணைப் பாருங்கள்: வடகடல் எண்ணெயின் மீதான வரி இலண்டனுக்கு, எண்ணெய்த் தொழிலாளியின் ஊதியம் குறைந்த இழப்போ எடின்பரோவுக்கு!

வளர்ச்சியைத் தூண்டும் கருவிகள் யார் கையில் உள்ளன? வட்டி வீதத்தை வகுப்பது இங்கிலாந்து வங்கி. நிறுவன வரியும் சுங்கமும் குடியேற்றமும் இலண்டனின் கையில். கல்வி, சாலை, வீடமைப்பு, தொழில் ஊக்கம் ஆகியன எடின்பரோவின் கையில். அவற்றைச் செவ்வனே ஆற்றாமல் இலண்டனை மட்டும் நொந்து பயனில்லை. எனினும், பெருங்கருவிகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, விளைவின் பழியை மட்டும் பிறன் தோளில் ஏற்றுவது எவ்வகை முறை? ஏரும் எருதும் ஒருவனிடம். விளைச்சல் குறைந்தால் ஈடுகட்ட வேண்டியவன் மற்றொருவன்.

அன்பர்களே! நம் நிலை இதற்கு மறுதலை. அங்கே வளர்ச்சி பின்தங்கினால் ஒறுப்பு. இங்கே வளர்ந்தால் ஒறுப்பு. 2021 முதல் 2026 வரைக்கான வரிப்பகிர்வில் பதினைந்தாம் நிதிக்குழு, மாநிலங்களிடையே உள்ள தலைவருவாய் இடைவெளிக்கு 45 விழுக்காட்டு மதிப்பளித்தது. 2011 குடிமதிப்பில் இந்திய மக்களுள் ஏறத்தாழ 6 விழுக்காட்டினரைக் கொண்ட தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காடே வகுத்தது. மேல்வரியென்றும் தனித்தீர்வையென்றும் நடுவணரசு தண்டுவன அப்பகிர்வில் சேர்வதேயில்லை. தொழில் வளர வளரப் பெருகும் நிறுவன வரியை மாநிலங்களோடு பகிர வேண்டுமென 1971-இலேயே இராசமன்னார் குழு கேட்டது. அதற்கான அரசமைப்புத் திருத்தம் வந்தது 2000-இல்! ஏழை மாநிலத்திற்குக் கைகொடுப்பது அறம். அதை நாம் மறுக்கவில்லை. ஈட்டுவோனுக்கு ஈட்டலின் பயனும் எஞ்ச வேண்டும் என்பதே நம் கேள்வி.

ஆதலின், இனித் தன்னாட்சி கேட்கும்போது மூன்றையும் சேர்த்தே கேட்போம்: வரி தண்டும் உரிமை, வளம் பெருக்கும் கருவி, பெருகிய வளத்தில் நேரிய பங்கு. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றவை சுமையாகும். உணர்ச்சி நம்மைத் திரட்டும். கணக்கறிவே நம்மை நிலைநிறுத்தும். கொடியை ஏந்தும் கை கணக்கேட்டையும் ஏந்தக் கற்கட்டும்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் உரிமை!