கூட்டம் எங்கே நடக்கிறது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மதுவிலக்கைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி அவர்கள் கேட்டபோது நாம் சற்றே தயங்கினோம். மதுவின் தீமையை இந்த மேடையிலே பல தடவை பேசியாயிற்று. கேட்டவர்கள் எல்லோரும் குடியாதவர்கள்; குடிப்பவர் அவ்வேளை தவறணையில் இருந்தார். ஆகவே இன்று ஒரேயொரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். குடியை விட வேண்டுமென்று ஒருவர் உள்ளூர விரும்புகிறார். தனியே விட முடியவில்லை. அவர் எங்கே போவார்?

1935ஆம் ஆண்டு மே மாதத்திலே, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரில், ஒரு ஹோட்டலின் முன்மண்டபத்தில் ஒருவர் இந்தக் கேள்வியோடு நின்றார். பெயர் பில் வில்சன். நியூயோர்க்கிலிருந்து வியாபார விஷயமாக வந்தவர். வந்த காரியம் தோற்றுப்போயிற்று. குடியை விட்டு ஐந்து மாதமே ஆகியிருந்தது. ஒரு புறம் மதுச்சாலை. மறு புறம் தொலைபேசியும் தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலும். தம்மைப்போல் குடியால் வருந்தும் இன்னொருவரோடு பேசினால்தான் தப்பலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு பாதிரியாரை அழைத்துச் சில பெயர்களைப் பெற்றார். ஒருவர் பின் ஒருவராக விசாரித்து, முடிவில் கென்றியேற்றா சைபர்லிங் என்ற அம்மையாரை அடைந்தார். அவ்வம்மையார் குடிநோயாளி அல்லர். ஆயினும் குடியால் நலிந்த டாக்டர் ஒருவரை அறிந்திருந்தார். மறுநாளே இருவரையும் தமது இல்லத்திற் சந்திக்கவைத்தார். கால் மணி நேரந்தான் இருப்பேன் என்று வந்த அந்த டாக்டர் றொபேட் சிமித், இரவு வெகுநேரம் வரை பேசிக்கொண்டிருந்தார். புத்தி சொன்னவர்கள் அவருக்கு அதுவரை ஏராளம். தன் சொந்தக் கதையைச் சொன்னவர் இவரே. இடையில் ஒரு தடவை சறுக்கிய டாக்டர், 1935 யூன் 10ஆந் திகதிக்குப்பின் குடிக்கவில்லை. 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' என்ற இயக்கம் அந்த நாளையே தன் பிறந்த நாளாகக் கொள்கிறது.

நமது இளைஞர்கள் இதில் அந்த அம்மையாரைக் கவனிக்க வேண்டும். அவர் பிரசங்கம் செய்யவில்லை. யார் எங்கே இருக்கிறார் என்று அறிந்திருந்தார், கதவைத் திறந்துவைத்தார்.

இப்பொழுது எமது தவறு ஒன்றைச் சொல்கிறோம். சித்தப்பா முறையான ஒருவர், ஒருநாள் விடியற்காலையில் எம்மிடம் வந்து, "தம்பி, அப்பிடி ஒரு கூட்டம் நடக்குதாமே, எங்கை எண்டு விசாரிச்சுச் சொல்லுவியோ?" என்றார். பழைய துண்டுப்பிரசுரம் ஒன்றில் இருந்த விலாசத்தைப் பார்த்து அவரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனோம். மண்டபம் பூட்டிக்கிடந்தது. கூட்டத்தின் கிழமையை மாற்றி நெடுநாளாம். "பாத்தியே, கடவுளுக்கும் விருப்பமில்லை" என்று சிரித்தார். திரும்பி வரும்போது வீட்டுக்கு இரண்டு தரிப்பு முன்னதாகவே இறங்கிவிட்டார். அங்கே என்ன இருக்கிறது என்பது இவ்வூரவர் அறிந்ததே. அவர் மறுபடி வாய் திறந்து கேட்க நான்கு மாதம் சென்றது. ஒரு தொலைபேசி அழைப்பை நாம் செய்யாத குற்றம் அது.

இரண்டாந் தடவை முன்கூட்டியே விசாரித்தோம். குடியை விட்ட அன்பர் ஒருவர் சந்தியில் வந்து காத்துநின்றார். குடிநோயாளருக்கு மாத்திரமான கூட்டம் என்றபடியால் நாம் வெளியே மதிலில் உட்கார்ந்திருந்தோம். யாவரும் போகக்கூடிய திறந்த கூட்டங்களும் உண்டு. சந்தாப்பணம் இல்லை, முழுப் பெயர் கேட்பதில்லை, பேச விருப்பமில்லாதவர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம். குடியை விடும் விருப்பம் ஒன்றே தகுதி. சித்தப்பா வெளியே வந்து, "எல்லாரும் என்ரை கதையைத்தான் சொல்லுறாங்கள்" என்றார். அவருடைய சம்மதத்தோடு இவ்வளவு சொன்னோம், அப்புறம் கேளாதீர்கள்.

அது தேவாலயத்து மண்டபமாயிற்றே, மதம் மாற்றுவார்களோ என்று பெரியவர் ஒருவர் எம்மைத் தனியே கேட்டார். நியாயமான கேள்வி. அவ்வியக்கம் எந்த மதத்தையும் சார்ந்ததன்று. அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார்; ஆனால் அவரவர் விளங்கிக்கொண்டபடியான கடவுள். சித்தப்பா திருநீற்றோடே போனார், திருநீற்றோடே வந்தார்.

பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: 10,000 பேருக்கு மேற்பட்டோரைப் பற்றிய 27 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த மதிப்பீடு ஒன்று 2020இல் வெளிவந்தது. குடியை முற்றாக விட்டிருப்பதில், இவ்வழிக்கு முறையாக ஆற்றுப்படுத்தப்பட்டவர்கள் மற்றைய சிகிச்சை பெற்றவர்களை விட மேலான நிலையில் இருந்தார்கள். எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நாம் சொல்லவரவில்லை.

ஒரு எச்சரிக்கை. நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தக் கலக்கமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவரை முதலில் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வீட்டாருக்கும் துணை வேண்டும். வில்சனின் மனைவி லோயிஸ் முதலியோர் 1951இல் குடும்பத்தாருக்கென 'அல்-அனொன்' என்ற அமைப்பைத் தொடங்கியது அதற்காகவே.

வாசிகசாலையில் ஒரு கொப்பி வைக்கும்படி சங்கத்தைக் கேட்கிறோம். கூட்டம் நடக்கும் இடம், கிழமை, நேரம், திறந்ததா மூடியதா, எந்தப் பாஷையில் என்று அதில் எழுதவேண்டும். பாஷை முக்கியம், விளங்காத பாஷையில் ஒரு மணி நேரம் இருந்தவர் மறுமுறை வரமாட்டார். கைத்தொலைபேசி வழியே நடக்கும் கூட்டங்களையும் சேர்க்கலாம். மாதந்தோறும் ஓர் இளைஞர் விசாரித்துத் திருத்தவேண்டும். கேட்டு வருபவரோடு கூடப்போக ஒருவர் வேண்டும். அவர் வாய் காப்பவராயிருத்தல் வேண்டும்.

கொப்பியை நாமே வாங்கி வந்திருக்கிறோம். முதற்பக்கத்தில் ஒரேயொரு கூட்டம் எழுதப்பட்டிருக்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை பேசி உறுதிசெய்தது. இதைக் காரியதரிசி அவர்களிடம் இப்பொழுதே ஒப்படைக்கிறோம்.