வாட்ச்சுக்குச் சொல்லி வையுங்கள்



டிஜிட்டல் வாட்ச் இன்று சந்தையிலும் கிடைக்கிறது, திருவிழாக் கடையிலும் கிடைக்கிறது. அதில் முள் கிடையாது. எண்கள் மட்டும்தான். எண் படிக்கத் தெரிந்த யாரும் அதில் மணி பார்த்துவிடலாம். ஆனால் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். வாட்ச்சின் ஓரத்தில் மூன்று அல்லது நான்கு பட்டன்கள் இருக்கும். "அதைத் தொடாதே, கெட்டுப்போகும்" என்று பிள்ளைகளை அதட்டுகிறார்கள். தாங்களும் தொடுவதில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளில் பாதியைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் யாருக்கு நஷ்டம்?

மணி பார்க்கும்போது மனிதர் கேட்கிறார், வாட்ச் பதில் சொல்கிறது. பட்டன்களின் வேலை வேறு. மனிதர் முதலிலேயே சொல்லி வைக்கிறார். வாட்ச் அதை மறக்காமல் வைத்திருந்து, உரிய நேரத்தில் கூப்பிடுகிறது. அலாரம், டைமர், சூரிய உதய நேரம் ஆகிய மூன்றும் இப்படிப்பட்டவை. எந்த வேலைக்கு எது என்று தெரிந்தால் போதும். சில இடங்களில் அது உயிரையும் காக்கும்.

அலாரம்

'இந்த மணிக்கு என்னைக் கூப்பிடு' என்று சொல்லி வைப்பது அலாரம்.

நான்கு பட்டன் உள்ள பல வாட்ச்களில் வழி இதுதான். இடது பக்கம் கீழே உள்ள பட்டனை அமுக்க அமுக்க, வாட்ச் ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு மாறும். 'ஏஎல்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் வந்தால் அது அலாரம். இடது பக்கம் மேலே உள்ள பட்டனை விடாமல் அமுக்கிப் பிடித்தால் எண் விட்டு விட்டு மின்னும். அப்போது வலது பக்கப் பட்டனை அமுக்கி மணியை மாற்ற வேண்டும். மறுபடி இடது கீழ்ப் பட்டனை அமுக்கினால் நிமிடம் மின்னும். அதையும் மாற்றிவிட்டு, இடது மேல் பட்டனை அமுக்கினால் வேலை முடிந்தது. சில வாட்ச்களில் பட்டன்களின் இடம் மாறியிருக்கும். வாங்கும்போதே கடைக்காரரை ஒருமுறை செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

இதில் மூன்று இடத்தில் தடுமாற்றம் வரும்.

முதலாவது, காலையா மாலையா என்பது. 12 மணி முறையில் 'ஏ' என்றால் நள்ளிரவு முதல் நண்பகல் வரை. 'பி' என்றால் நண்பகல் முதல் நள்ளிரவு வரை. சில வாட்ச்களில் 'பி' மட்டும் தெரியும், காலையில் ஒன்றும் தெரியாது. காலை 5 மணிக்கு வைப்பதாக நினைத்து மாலை 5 மணிக்கு வைத்தவர், விடிந்து வெயில் ஏறிய பிறகுதான் எழுந்திருப்பார்.

இரண்டாவது, அடையாளம். அலாரம் வேலை செய்யும்போது திரையில் அதற்கான குறி ஒன்று தெரியும். மணிக்கு ஒரு முறை 'பீப்' என்று ஒலிப்பதற்கு வேறு குறி இருக்கிறது. இந்தக் குறியைப் பார்த்து அலாரம் வைத்தாகிவிட்டது என்று நம்பிப் படுப்பவர்கள் உண்டு.

மூன்றாவது, ஒலிக்கும் நேரம். பல வாட்ச்களில் அலாரம் சுமார் 20 விநாடிதான் ஒலிக்கும். அசந்து தூங்குகிறவர் வாட்ச்சைப் பெட்டிக்குள் வைத்தால் பயனில்லை. தலைமாட்டில் வைக்க வேண்டும்.

ரயில் பயணத்துக்கு 24 மணி முறை தெரிந்திருக்க வேண்டும். ரயில்வே அப்படித்தான் நேரம் எழுதுகிறது. 17.00 என்றால் அதில் 12 கழிக்க வேண்டும். மாலை 5 மணி. 00.20 என்றால் நள்ளிரவு 12 மணி 20 நிமிடம். இங்கேதான் ஏமாற்றம் வருகிறது. ஒரு கட்டடத் தொழிலாளியின் டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.20 என்று இருக்கிறது. அவர் 15ஆம் தேதி வேலையை முடித்து, கூலி வாங்கிக்கொண்டு, இரவு 11 மணிக்கு நிலையத்துக்குப் போகிறார். அவருடைய ரயில் முந்தின இரவே போய்விட்டது. நள்ளிரவு 12 அடித்ததும் தேதி மாறிவிடும். அவர் 14ஆம் தேதி இரவே புறப்பட்டிருக்க வேண்டும். அன்று 21.00 மணிக்கு, அதாவது இரவு 9 மணிக்கு அலாரம் வைத்திருந்தால் டிக்கெட் பணம் வீணாகியிருக்காது.

தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அலாரம் நல்ல துணை. காலை 8, இரவு 8 என்று மருத்துவர் சொல்லியிருந்தால், இரண்டு அலாரம் வைக்கலாம். ஒரு அலாரம் மட்டும் உள்ள வாட்ச் என்றால், எந்த வேளை அதிகம் மறக்கிறதோ அந்த வேளைக்கு வைக்கலாம். மறந்துபோன மாத்திரையையும் சேர்த்து இரண்டாக விழுங்கக் கூடாது. மருத்துவமனையில் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

டைமர்

அலாரம் மணியைப் பார்க்கிறது. டைமர் மணியைப் பார்ப்பதில்லை. 'இப்போதிலிருந்து இத்தனை நிமிடம் ஆனதும் கூப்பிடு' என்பது டைமர். ஒரு நிமிடம் என்று வைத்தால் 60, 59, 58 என்று இறங்கி வரும். பூஜ்யம் வந்ததும் ஒலிக்கும். ஸ்டாப்வாட்ச் இதற்கு நேர் எதிர். அது பூஜ்யத்திலிருந்து ஏறிக்கொண்டே போகும், தானாகக் கூப்பிடாது.

டைமர் வைக்கும்போது ஒரு கவனம் வேண்டும். பல வாட்ச்களில் முதலில் இருப்பது மணி, அடுத்தது நிமிடம், கடைசியில் விநாடி. முதல் இடத்தில் 1 வைத்தால் அது ஒரு மணி நேரம். ஒரு நிமிடம் வேண்டுமானால் நடு இடத்தில் 1 வைக்க வேண்டும்.

இந்த ஒரு நிமிடத்தில் என்ன இருக்கிறது? ஒரு குழந்தையின் உயிர் இருக்கிறது.

சளி பிடித்த குழந்தைகள் பெரும்பாலும் சில நாளில் தேறிவிடுகின்றன. சில குழந்தைகளுக்கு அது நிமோனியாவாக, அதாவது நுரையீரல் காய்ச்சலாக இருக்கும். அதன் முதல் அடையாளங்களில் ஒன்று வேகமான மூச்சு. இதைக் கண்டுபிடிக்க எண்ணத் தெரிந்த ஒருவரும் ஒரு நிமிடத்தைக் காட்டும் கருவியும் போதும்.

மகாராஷ்டிர மாநிலத்தில் கட்சிரோலி மாவட்டம் இருக்கிறது. காடு நிறைந்த, பழங்குடி மக்கள் வாழும் மாவட்டம். அங்கே மருத்துவத் தம்பதி அபய் பங், ராணி பங் இருவரும் கிராமத்துப் பெண்களுக்கே குழந்தைகளைக் காக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பிறந்த குழந்தைகளுக்கு வீட்டிலேயே கவனிப்புக் கொடுத்து இறப்பைக் குறைக்க முடியும் என்று அவர்களுடைய ஆய்வு 1999இல் உலகத்துக்குச் சொன்னது. 2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தில் ஆஷா பணியாளர்கள் வந்தார்கள். 2011 முதல் அவர்கள் வீடு வீடாகச் சென்று பச்சிளங்குழந்தைகளைப் பார்க்கிறார்கள். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் போய்ப் பார்க்க வேண்டும். அவர்களுடைய பையில் எடை பார்க்கும் கருவி, தெர்மாமீட்டர் ஆகியவற்றோடு ஒரு டிஜிட்டல் வாட்ச்சும் இருக்கிறது.

ஆஷா வாட்ச்சை எடுத்ததும் வீட்டிலுள்ள பாட்டி கேட்கக்கூடும்: "ஏம்மா, நெற்றியில் கை வைத்தாலே காய்ச்சல் தெரிகிறதே. வாட்ச் எதற்கு?"

"காய்ச்சல் கைக்குத் தெரியும் பாட்டி. மூச்சு வேகம் எண்ணினால்தான் தெரியும்."

எண்ணும் முறை இது. குழந்தை அழக் கூடாது, பால் குடித்துக்கொண்டிருக்கவும் கூடாது. அமைதியாக இருக்க வேண்டும். சட்டையை மேலே தூக்கிவிட வேண்டும். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. டைமரை ஒரு நிமிடத்துக்கு வைத்துத் தொடங்கிவிட்டு, ஒலி கேட்கும் வரை எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது சரியில்லை. சின்னக் குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது. கொஞ்ச நேரம் வேகமாகவும், கொஞ்ச நேரம் மெதுவாகவும் போகும்.

எத்தனை வந்தால் வேகமான மூச்சு?

2 மாதம் நிறையாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல். இந்த வயதில் 60ஐத் தொட்டால் இன்னொரு முறை எண்ணி உறுதி செய்ய வேண்டும்.
2 மாதம் முதல் ஒரு வயது நிறையும் வரை 50 அல்லது அதற்கு மேல்.
ஒரு வயது முதல் 5 வயது நிறையும் வரை 40 அல்லது அதற்கு மேல்.

அப்படி வந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், வலிப்பு வந்தாலும், துவண்டு கிடந்தாலும் எண்ணிக்கொண்டு நிற்கவே வேண்டாம். உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இந்த வேலைக்கு டைமர் ஏன் சிறந்தது? வெறும் வாட்ச் என்றால் ஒரு கண் வயிற்றிலும் ஒரு கண் விநாடியிலும் இருக்கும். இரண்டும் தப்பும். டைமர் இருந்தால் நேரத்தைக் காது கவனித்துக்கொள்ளும், கண் குழந்தையிடமே இருக்கும். டைமர் இல்லாத வாட்ச் என்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்து 60 விநாடியில் "போதும்" என்று சொல்ல வேண்டும். மற்றவர் மூச்சை மட்டும் எண்ண வேண்டும்.

சூரிய உதயம்

மூன்றாவது வேலை எல்லா வாட்ச்சிலும் இருக்காது. விலை கூடிய சிலவற்றில் இருக்கும். இன்று சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும், எப்போது மறையும் என்று அவை காட்டும்.

வாட்ச் சூரியனைப் பார்ப்பதில்லை. அது கணக்குப் போடுகிறது. கணக்குக்கு இரண்டு விவரம் வேண்டும்: தேதி, இடம். தேதி வாட்ச்சிலேயே இருக்கிறது. இடத்தை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

இந்தியா முழுவதற்கும் ஒரே மணிதான். உத்தரப் பிரதேசத்தில் மிர்சாப்பூர் அருகே செல்லும் 82½ பாகை கிழக்குக் கோட்டை வைத்து அந்த மணி கணக்கிடப்படுகிறது. 1906இல் இந்த முறை வந்தது. மணி ஒன்றானாலும் சூரியன் எல்லா ஊரிலும் ஒன்றாக உதிப்பதில்லை. பூமி ஒரு பாகை சுற்ற 4 நிமிடம் ஆகிறது. அருணாசலப் பிரதேசத்தின் கிழக்கு முனைக்கும் குஜராத்தின் மேற்கு முனைக்கும் இடையே சுமார் 29 பாகை. 29ஐ 4ஆல் பெருக்கினால் 116 நிமிடம், கிட்டத்தட்ட 2 மணி நேரம்.

ஜூன் 21ஆம் தேதி குவாஹாட்டியில் சுமார் 4.30 மணிக்குச் சூரியன் உதிக்கிறது. டெல்லியில் சுமார் 5.25. துவாரகையில் சுமார் 6.10. டிசம்பர் 21ஆம் தேதி குவாஹாட்டியில் சுமார் 6.05, டெல்லியில் சுமார் 7.10, துவாரகையில் சுமார் 7.30.

வாட்ச்சில் 'டெல்லி' என்று வைத்துவிட்டு அஸ்ஸாமில் இருந்தால் ஜூனில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தவறாகக் காட்டும். வாட்ச் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. அது டெல்லிச் சூரியனைச் சரியாகத்தான் சொல்கிறது. ஆகவே இடத்தை மாற்ற வேண்டும். குவாஹாட்டிக்கு வடக்கு 26, கிழக்கு 92. டெல்லிக்கு வடக்கு 29, கிழக்கு 77. மும்பைக்கு வடக்கு 19, கிழக்கு 73. இந்தியாவில் எந்த ஊரானாலும் வடக்கு, கிழக்கு என்றுதான் வைக்க வேண்டும். உலக நேர வித்தியாசம் கேட்டால் கூட்டல் 5.30.

இது யாருக்குப் பயன்படும்? அஸ்ஸாமில் உதால்குரி, சோனித்பூர் போன்ற மாவட்டங்களில் தேயிலைத் தோட்டங்களின் ஊடே காட்டு யானைகள் நடமாடுகின்றன. இருட்டில் நடப்பது ஆபத்து. ஒரு பெண் தொழிலாளி ஆண்டு முழுவதும் காலை 5 மணிக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜூனில் அந்த நேரம் வெயில் வந்துவிடும். டிசம்பரில் சூரியன் உதிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். மணி ஒன்றுதான், பாதை ஒன்றுதான். ஆனால் ஆபத்து ஒன்றல்ல. உதய நேரத்தைப் பார்த்து அலாரத்தை மாதத்துக்கு ஒருமுறை மாற்றி வைத்தால் வெளிச்சத்தில் நடக்கலாம். சூரியன் தெரிவதற்கு 20 நிமிடம் முன்பே பாதை தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்துவிடும். மழைமேகமும் மலையும் மறைத்தால் தாமதமாகும்.

அங்கே இன்னொரு விஷயமும் உண்டு. தேயிலைத் தோட்டங்களில் 'பகான் நேரம்' என்ற பழக்கம் இருக்கிறது. இந்திய நேரத்தைவிட அது ஒரு மணி முன்னால் ஓடும். விடியலைத் தவறவிடக் கூடாது என்றுதான் அப்படி வைத்தார்கள். புதிதாக அங்கே வேலைக்குப் போகிறவர் 'எந்த மணி?' என்று கேட்ட பிறகே அலாரம் வைக்க வேண்டும்.

இந்த வசதி இல்லாத வாட்ச் வைத்திருப்பவர் கவலைப்பட வேண்டாம். கைப்பேசியிலும் நாட்காட்டியிலும் உதய நேரம் இருக்கும். அது எந்த ஊருக்கான நேரம் என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நண்பர்களே, அலாரத்துக்கு ஓர் அடிப்படை உண்டு. வாட்ச் சரியான மணி காட்ட வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை கைப்பேசியோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். திரையில் எண்கள் மங்கினால் பேட்டரியை மாற்றுங்கள். பட்டனை அமுக்குவதால் வாட்ச் கெட்டுவிடாது. தவறாக அமுக்கினால் மறுபடி அமுக்கிச் சரிசெய்யலாம். வாட்ச்சுக்குத் தானாக எதுவும் தெரியாது. சொன்னதைச் செய்யும். சரியாகச் சொல்வது மனிதரின் பொறுப்பு.

பேசிப் பாருங்கள்

1. டிக்கெட்டில் 8ஆம் தேதி 00.45 என்று இருக்கிறது. எந்தத் தேதி இரவு நிலையத்துக்குப் போக வேண்டும்?

2. ஒன்பது மாதக் குழந்தை ஒரு நிமிடத்தில் 54 முறை மூச்சு விடுகிறது. என்ன செய்ய வேண்டும்?

3. உங்கள் ஊரில் விடிவதற்கு முன் வேலைக்குப் போகிறவர்கள் யார்? அவர்கள் போகும் பாதையில் என்ன ஆபத்து இருக்கிறது?