லைப்ரரி அம்மாவின் நாற்பது பக்க நோட்டு

(தேசிய நூலக வாரத்தையொட்டி, ஒரு கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பின்வரிசையில் நாலைந்து பேர் இப்பவே போனைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கீங்க. பரவாயில்லை, நானும் போனைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அரசுத் திட்டங்களைப் பற்றிச் செய்திக் குறிப்பு எழுதுவது என் வேலை. போன வருஷம் நான் எழுதிய ஒரு குறிப்பின் கடைசி வரி, "மேலும் விவரங்களை இணையதளத்தில் அறிந்துகொள்ளலாம்." எழுதும்போது எனக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. சீர்காழிப் பக்கம் ஒரு கிளை நூலகத்துக்கு வேறு வேலையாகப் போனேன். அங்கே அறிவிப்புப் பலகையில் அதே குறிப்பு ஒட்டியிருந்தது. அங்கிருந்த நூலகர் கேட்டார்: "தம்பி, இது நீங்க எழுதினதா? எந்த இணையதளம்னு போடலையே. என்கிட்ட வந்து கேக்குறவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு நான் பேசப்போவது அந்த அம்மாவைப் பற்றித்தான். ஊரில் எல்லோரும் அவரை 'லைப்ரரி அம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

சீர்காழி, நூலக அறிவியலுக்கு வழிகாட்டிய எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892இல் பிறந்த ஊர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகருடைய நேரத்தைப் பற்றியது. லைப்ரரி அம்மா படித்தது அந்தப் பாடம். ஐம்பது வயது வரை அவருக்குத் தெரிந்த கருவிகள் அட்டை, பதிவேடு, ரப்பர் ஸ்டாம்ப், அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, நூலகத்தைப் பூட்டினார்கள். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவருக்குப் போன் செய்தார்கள். "அம்மா, அந்த வரலாற்றுப் புத்தகம் வேணுமே, எப்படிப் படிக்கிறது?" மகள் கொடுத்த பழைய ஸ்மார்ட்போன் கையில் இருந்தது, ஆனால் அதில் அவருக்குத் தெரிந்தது பேசுவதும் காலை வணக்கப் படம் அனுப்புவதும்தான். மகளிடம் கேட்டால், "இதுகூடத் தெரியாதாம்மா?" என்று போனைப் பிடுங்கி, நாலு தட்டுத் தட்டி, முடித்துக் கையில் கொடுத்துவிடுவாளாம். வேலை முடியும், அம்மாவுக்கு எதுவும் புரியாது. நம்மில் எத்தனை பேர் வீட்டில் இதையே செய்கிறோம்? நான் செய்திருக்கிறேன்.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் எழுதியிருப்பது இதுதான்: "இடது பக்கம் மேலே மூணு கோடு இருக்கும். அதைத் தொட்டா பட்டியல் வரும்." இரண்டாம் பக்கம்: "தப்பா எதையாவது தொட்டுட்டா பயப்படாதே. பின்னால போகிற அம்பு இருக்கு." எழுதியது அவருக்காக. இன்றைக்கு அந்த நோட்டு நூலக மேஜையில் ஒரு நூலால் கட்டித் தொங்குகிறது. ஓய்வூதியர்கள் அதைப் பார்த்துப் பார்த்துப் போனைத் தட்டுகிறார்கள்.

எல்லாம் நல்லபடியாகவே போகவில்லை. பிள்ளைகளுக்காக ஒரு வாட்ஸ்ஆப் குழு ஆரம்பித்தார். யாரோ அனுப்பிய நாவல் பிடிஎஃப் ஒன்றை ஆசையோடு அதில் போட்டார். குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதினார்: "இந்த எழுத்தாளர் உயிரோடு இருக்கார்மா. இது திருட்டுப் பிரதி." இருபது வருஷமாக ஒரு புத்தகத்தைக்கூடத் தொலைக்காமல் காத்தவருக்கு அந்த வார்த்தை எப்படி இருந்திருக்கும்! இரண்டு நாள் குழுப் பக்கமே போகவில்லையாம்.

மூன்றாம் நாள் உட்கார்ந்து சட்டத்தைப் படித்தார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாக எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம் வரை அந்த எழுத்துக்கு உரிமை உண்டு. அது கழிந்தால் யாரும் பகிரலாம். நாட்டுடைமை ஆன நூல்களையும் பகிரலாம். பாரதியார் எழுத்துகளின் உரிமையை 1949இல் அரசே வாங்கி, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்படிப்பட்ட நூல்களையும் பழைய இதழ்களையும் தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் மின்நூலகத்தில் வைத்திருக்கிறது. காசு கிடையாது. இப்போது லைப்ரரி அம்மா கோப்பை அனுப்புவதில்லை, அந்தப் பக்கத்தின் இணைப்பைத்தான் அனுப்புகிறார். இணைப்பு வந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று படிக்கிறவருக்கும் தெரியும் இல்லையா?

இன்னொரு சிக்கல். நூலகத்துப் புத்தகப் பட்டியலைப் பல வருஷம் முன்பு ஒருவர் கணினியில் அடித்து வைத்திருந்தார். அதைப் போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டியது. வைரஸ் என்று நினைத்துக் கோப்பை அழிக்கப் போயிருக்கிறார். நல்லவேளை, அழிக்கவில்லை. அது பழைய எழுத்துரு. பாமினி மாதிரியான எழுத்துருக்களில், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் மட்டும் அது தமிழாகத் தெரியும். யூனிகோடு வந்த பிறகுதான் தமிழ் எழுத்துக்கென்று தனி எண் கிடைத்தது, எந்தப் போனிலும் படிக்க முடிந்தது, தேடவும் முடிந்தது. எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு, பட்டியல் முழுவதையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்தார். ஒற்றுப்பிழை திருத்த மட்டும் இரண்டு மாதம். உங்களிடமும் பழைய ஆவணம் ஏதாவது இப்படிக் கொட்டினால், அழிக்கும் முன்னால் ஒருமுறை யோசியுங்கள்.

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க.

ஒருநாள் சாயங்காலம் ஒரு பையன் மூச்சு வாங்க வந்தான். போனில் ஒரு வேலைவாய்ப்பு அறிவிப்பு. மேலே அரசு முத்திரை, கீழே ஒரு க்யூஆர் கோடு. பதிவுக் கட்டணம் 850 ரூபாய், இன்று இரவு 8 மணிக்குள் கட்டணும். "அம்மா, சீக்கிரம் ஒரு பிரிண்ட் எடுக்கணும். எங்க எடுக்கலாம்?"

அவர், "அஞ்சு நிமிஷம் பொறுப்பா" என்று போனை வாங்கினார். புதுப் புத்தகம் வந்தால் நூலகர் முதலில் எதைப் பார்ப்பார்? அட்டையை இல்லை, தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தை. யார் வெளியிட்டது, எந்த வருஷம், எத்தனையாவது பதிப்பு. இந்த அறிவிப்பிலும் அதையே தேடினார். அறிவிக்கை எண் இல்லை. தேதி இல்லை. இணைய முகவரியில் டிஎன்பிஎஸ்சி என்ற எழுத்து இருந்தது, ஆனால் முகவரி முடிந்தது டாட் காமில். தேர்வாணையத்தின் உண்மையான தளம் கவ் டாட் இன் என்று முடியும். அந்த முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுவது. முகவரியில் நடுவில் கவ் என்று வந்தால் போதாது, முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு உண்மையான தளத்தை அவரே திறந்து தேடினார். அப்படி ஒரு அறிவிப்பே அங்கே கிடையாது.

பையன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இதை அவனுக்கு அனுப்பியது அவனுடைய நண்பன். அந்த நண்பன் மூன்று வாரத்துக்கு முன்பே பணம் கட்டிவிட்டு, ஹால் டிக்கெட்டுக்காகக் காத்திருந்தான். வீட்டில் சொல்லவில்லை, அம்மாவின் சீட்டுப் பணம் அது.

அந்த நண்பனைக் கூப்பிட்டு, சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேச வைத்தார் லைப்ரரி அம்மா. புகார் பதிவானது. பணம் வரவில்லை. உடனே சொல்லியிருந்தால், பணம் மோசடிக்காரரின் கணக்கில் இருக்கும்போதே வங்கி மூலம் முடக்க வாய்ப்பு உண்டு. மூன்று வாரம் கழித்து எதை முடக்குவது? வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்த நாட்கள்தான் போச்சு. 1930ஐ இப்பவே போனில் பதிந்து வையுங்க. நான் காத்திருக்கிறேன்.

பதிந்தாச்சா? சரி.

அன்றைக்கு ராத்திரி நோட்டில் ஒரு புதுப் பக்கம் எழுதினார். தலைப்பு: "காசு கேட்டா." கீழே மூன்றே கேள்வி. யார் வெளியிட்டது? முகவரி எதில் முடியுது? அவங்க தளத்துல நாமே போய்ப் பார்த்தோமா? நோட்டில் அதிகம் அழுக்கான பக்கம் இன்றைக்கு அதுதான். சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கும் ஒருநாள் போனோடு போங்க. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தானே கட்டுகிறோம்? சந்தேகமான அறிவிப்பு வந்தால் நூலகரிடம் காட்டுங்க. அவருக்குத் தெரியாமல் இருந்தாலும், இரண்டு பேர் சேர்ந்து பார்ப்பது நல்லது. ஓடிபியை மட்டும் யாரிடமும் சொல்லாதீங்க, நூலகரிடமும். ஒரு பெரியவர் உதவி கேட்டு வந்து, ஓடிபியை வாய்விட்டுச் சத்தமாகப் படித்தார். லைப்ரரி அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "ஐயா, என்கிட்டயும் சொல்லாதீங்க!" என்று கத்தினார். அமைதி காக்கவும் என்று எழுதிய பலகைக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தார்.

என் குறிப்பைத் திருத்தி, முழு முகவரியோடு அனுப்பிவிட்டேன். பலகையில் இப்போது இருப்பது புதியது.