காற்று நெல்லும் களைக்கொல்லி தாங்கும் நெல்லும்

மொழி வளர்க்கும் மேடையில் வயற்காட்டுச் செய்தி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நான் பேச வந்தது நெல்லைப் பற்றியும், நெல்லைப் பற்றி எழுதும்போது நாம் ஆளும் ஒரு சொல்லைப் பற்றியும் ஆகும்.

கெடாவின் மூடா வயல்களிலும் சிலாங்கூரின் செகிஞ்சானிலும் உழவர்கள் 'பாடி அஙின்' என்று ஒரு களையைக் குறிப்பிடுவர். தமிழில் 'காற்று நெல்' எனலாம். மெல்லிய காற்று பட்டாலே மணிகள் உதிர்ந்துவிடுவதால் வந்த பெயர் அது. அறுவடைக்கு முன்பே உதிர்ந்த மணிகள் மண்ணில் உறங்கிக் கிடந்து, அடுத்தடுத்த பருவங்களில் முளைக்கின்றன. வியப்பு என்னவெனில், இது வேறோர் இனப் புல்லன்று. நாம் உண்ணும் அதே நெல்லினமே. இளம் பயிராக நிற்கும்போது எது நெல், எது களை என்று பழகிய கண்ணுக்கும் புலப்படாது.

நாற்று நட்ட காலத்தில் இக்களை பெருந்தொல்லையாக இருந்ததில்லை. வயலில் நீர் நிற்கும்; நாற்று முன்பே வளர்ந்திருக்கும்; களை பின்தங்கிவிடும். வேலையாள் கிடைப்பது அரிதானபோது, 1980களில் நேரடி விதைப்பு பரவியது. விதையும் களையும் ஒரே நாளில் முளைக்கத் தொடங்கின. 1988இல் செகிஞ்சான் பகுதியில் காற்று நெல் முதன்முதலாகக் கவனத்துக்கு வந்தது. அறுவடை இயந்திரங்கள் வயல் வயலாகச் சென்றபோது அதன் விதையும் உடன் சென்றது.

களைக்கொல்லி எவ்வாறு வேலை செய்கிறது? பயிருக்கும் களைக்கும் உள்ள உடல் வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொண்டு ஒன்றை விடுத்து மற்றொன்றை அழிக்கிறது. இரண்டும் ஒரே இனமாக இருப்பின் அந்த வேறுபாட்டுக்கு எங்கே போவது? பயிருக்குள் புதிதாக உண்டாக்கத்தான் வேண்டும். அறிவியலார் இதற்கு இருவழி கண்டனர்.

ஒன்று மரபணுப் பொறியியல். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை நெல்லுக்குள் செலுத்தினால், குளூபோசினேட் என்னும் களைக்கொல்லியை அந்நெல் நஞ்சற்றதாக மாற்றிவிடும். பேயர் நிறுவனத்தின் 'லிபர்ட்டி லிங்க்' நெல் இவ்வகையினது. அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டோடு வயல் சோதனை முடிந்த, எந்த உழவருக்கும் விற்கப்படாத ஒரு வகையின் சுவடு, 2006இல் விற்பனை அரிசியில் கண்டறியப்பட்டது. அமெரிக்க நீள் அரிசியை ஜப்பான் வாங்க மறுத்தது. ஐரோப்பா சோதனை கேட்டது. சந்தையில் விலை சரிந்தது. 2011இல் உழவர்களுக்கு 75 கோடி டாலர் வரை இழப்பீடு தர அந்நிறுவனம் இசைந்தது.

மற்றொன்று திடீர்மாற்றம். வெளியிலிருந்து எந்த மரபணுவும் இங்கே புகுவதில்லை. லூசியானாவில் நெல் விதைகளை ஒரு வேதிப்பொருளில் நனைத்து விதைத்து, முளைத்தவற்றின் மீது களைக்கொல்லியைத் தெளித்துப் பார்த்தனர். 1993இல் ஒரு செடி பிழைத்தது. அதனுள் ஒரு நொதியில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருந்தது. இமிடசோலினோன் வகைக் களைக்கொல்லி பற்றிக்கொள்ளும் நொதி அதுவே. 2002இல் 'கிளியர்ஃபீல்டு' என்னும் பெயரில் அந்நெல் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டு மார்டி ஆய்வு நிறுவனம் அப்பண்பை எம்.ஆர். 220 வகையோடு கலப்புச் செய்து, 2010இல் எம்.ஆர். 220 சி.எல். 1, சி.எல். 2 என இரு வகைகளை வெளியிட்டது.

இனிச் சொல்லுக்கு வருவோம். மேற்சொன்ன இரண்டையும் நாம் 'மரபணு மாற்றப்பட்ட நெல்' என்றே எழுதிவிடுகிறோம். பொருளளவில் பிழையில்லை, இரண்டிலும் மரபணு மாறத்தான் செய்கிறது. ஆயினும் மலேசியாவின் 2007ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டத்துக்குள் முதல் வகை வரும், இரண்டாவது வராது. அச்சமுற்றவர் இரண்டையும் ஒருங்கே ஒதுக்குகிறார். விற்பவரோ "இது மரபணு மாற்றமன்று" என்ற ஒரு தொடரைக் கேடயமாக ஏந்திக்கொள்கிறார். முதல் வகைக்கு 'மரபணுப் பொறியியல் நெல்' என்றும், இரண்டாவதற்குத் 'திடீர்மாற்ற நெல்' என்றும் வகுப்பறையிலேயே பிரித்து வழங்கினால் பாதிக் குழப்பம் தீரும்.

மீதிக் குழப்பம் சொல்லால் தீராது. மரபணு எவ்வழி வந்தது என்று காற்று நெல் பார்ப்பதில்லை. நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர்தான். அயல்மகரந்தக் கலப்பு பொதுவாக நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. ஆனால் ஒரு வயலில் நிற்பவை எத்தனை இலட்சம் கதிர்கள்! ஒரு கலப்பு நேர்ந்தாலும் அதன் வழித்தோன்றல் மருந்தைத் தாங்கும். மற்றக் களைகள் மடிய, அது மட்டும் செழித்து விதை உதிர்க்கும். அமெரிக்கா, பிரேசில், இத்தாலி ஆகிய நாடுகளில் நேர்ந்தது இதுவே. மலேசிய வயல்களிலும் மருந்துக்கு அடங்காத காற்று நெல் உறுதிசெய்யப்பட்டுள்ளது.

ஆர்க்கன்சாவில் ஓராண்டு நெல், மறுஆண்டு சோயா எனப் பயிரை மாற்றலாம். சோயாவின் நடுவே முளைக்கும் நெல் அனைத்தும் களையே என்பதால் அழிப்பது எளிது. மூடாவில் ஆண்டுக்கு இருபோகமும் நெல்தான். நீர் தேங்கும் அம்மண்ணில் மாற்றுப் பயிர் எளிதன்று. ஆகவே இந்நெல் அங்கே மேலும் விரைவில் வலுவிழக்கும். அதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. களை மூடிய வயலுக்குச் சில பருவங்கள் அது பெரும் விடுதலை. அந்த இடைவெளியில் தூய சான்று விதைக்கு மாறுவதும், எஞ்சி நிற்கும் காற்று நெல்லைப் பூப்பதற்குமுன் கையால் பிடுங்குவதும், அடுத்தடுத்த பருவங்களில் அதே மருந்தைத் தெளிக்காதிருப்பதும் நடந்தாக வேண்டும். இடைவெளி வீணானால், அடுத்து எந்த மருந்துக்குத் தாங்கும் நெல்லைத் தேடுவது?

சில இடங்களில் இயந்திர நாற்று நடவு திரும்பியிருக்கிறது. செலவு கூடுதல். ஆயினும் வரிசையாக நட்ட வயலில், இரு வரிசைகளுக்கு நடுவே தலைதூக்கும் செடி எதுவென்று உழவருக்கு ஐயம் எழுவதில்லை.