மழை நாளிலேயே எண்ணுவோம்

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. வற்றாத தாமிரபரணி பாயும் நம் மாவட்டமும் அதில் ஒன்று. 2023 டிசம்பரில் அதே ஆறு கரைபுரண்டது.

வறட்சி வயலோடு நிற்பதில்லை. குழாயடியில் காத்து நிற்கும் தாய்க்கு அன்றைய பீடிக் கூலி குறைகிறது. விலைக்கு வாங்கும் தண்ணீர் பிள்ளைகளின் படிப்புச் செலவில் கைவைக்கிறது.

யூசுஃப் நபி (அலை) அவர்கள் மிஸ்ரில் விளைச்சலான ஏழாண்டுகளில் சேமிக்கச் செய்தே பஞ்சத்தின் ஏழாண்டுகளைக் கடத்தினார்கள். மேலப்பாளையத்தில் நாமும் தெருவாரியாக இப்போதே எண்ணுவோம்: எந்தக் கிணறு முதலில் வற்றும்? எந்த வீட்டில் தொட்டி இல்லை? எந்த மாடியின் மழைநீர் சாக்கடைக்குப் போகிறது? அந்தக் கணக்கு கையில் இருந்தால், உதவி யாருக்கு முதலில் சேர வேண்டும் என்பது தெரியும்.