வட்டுக்கோட்டைக் கோவிற்பற்று

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குப் புறத்தில், வயல்களும் பனங்கூடல்களும் சூழ்ந்த வட்டுக்கோட்டையில், பழைய கிறிஸ்தவ தேவாலயமொன்று இருக்கிறது. ஆட்சிகள் பல மாறியும் வழிபாடு இன்றும் அங்கு நடைபெறுகிறது.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், நாட்டைக் கோவிற்பற்றுக்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் ஓர் ஆலயத்தை நிறுவினர். 1658இல் ஒல்லாந்தர் வந்ததும் கத்தோலிக்க வழிபாடு விலக்கப்பட்டது. ஆலயங்கள் சீர்திருத்த சபையின் கைக்கு மாறின. அச்சபையின் குருவாக யாழ்ப்பாணத்திலே பணியாற்றிய பிலிப்பு பால்தேயு, 1672இல் வெளியிட்ட தம் நூலில் வட்டுக்கோட்டை ஆலயத்தையும் சித்திரமாகத் தந்துள்ளார். ஒவ்வொரு கோவிற்பற்றிலும் எத்தனை பிள்ளைகள் படித்தனர் என்பதையும் குறித்துள்ளார்.

இக்குறிப்பு கவனிக்கத்தக்கது. அக்காலத்து ஆலயம் தொழுமிடம் மாத்திரமன்று. பள்ளிக்கூடமும் பதிவகமும் அதுவே. ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் தோம்பில் எழுதியவர் பள்ளி உபாத்தியாயர். விவாகம் பதியப்படாவிடில் பிள்ளைகளின் முதுசொம் உரிமைக்கே இடையூறு நேரும். ஆகவே சைவ நெஞ்சுடன் வந்து கிறிஸ்தவப் பெயர் பெற்றுச் சென்றோர் பலர். பெயரளவில் பெருகிய அச்சபை, ஒல்லாந்தர் ஆட்சி ஒழிந்ததும் பெரும்பாலும் கரைந்துபோனதில் வியப்பென்ன? அது வற்புறுத்தலின் விளைவே. ஆயினும், சாதாரண குடியானவரின் பெயரும் ஏட்டில் ஏறியது அந்த ஏற்பாட்டினாலேதான் என்பதையும் மறுத்தல் இயலாது.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தபோது வட்டுக்கோட்டை ஆலயம் கூரையிழந்து நின்றது. தேசாதிபதி பிறவுண்றிக்கின் அரசு அதனை அவர்களுக்கு வழங்கிற்று. அவர்கள் அதைப் புதுக்கி, 1823இல் அவ்வூரிலேயே செமினரியைத் தொடங்கினர். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். தமிழும் ஆங்கிலமும், கணிதமும் வானசாஸ்திரமும் அங்கு கற்பிக்கப்பட்டன. 1855இல் செமினரி மூடப்பட்டது. ஆனால், அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாயினர். பழந்தமிழ் ஏடுகளைத் தேடி அச்சேற்றிய தாமோதரம்பிள்ளை சைவர் என்பதும் நினைக்கத்தக்கது.

1947இல் தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம் அமைந்தபின் இவ்வாலயம் அதன் பேராலயமாயிற்று.

கற்றோர் பெயர்கள் நூல்களில் நிலைத்துள்ளன. முருகைக்கல் அறுத்தவரும், சுண்ணாம்பு சுட்டவரும், உத்தரம் ஏற்றியவரும் எச்சித்திரத்திலும் இடம்பெறவில்லை. அவர் கைவினை சுவரிலேதான் உள்ளது. அத்தகைய சுவருக்குச் சீமெந்துப் பூச்சு ஆகாது. ஈரம் உள்ளே தங்கிக் கல்லை அரிக்கும். பழைய ஆலயங்களைப் புதுக்க முற்படுவோர், நிறப்பூச்சுக்கு முன்பாகச் சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடுதல் வேண்டும்.